செண்பகம் வீட்டு கிளச்சு

போன வாரம் பேத்தியின் காரில் பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. எங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன், பின்னால் உருண்டுவிடுமோ என்று பயந்து, முக்கி முனகிக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றது. கண்ணாடியை இறக்கி வைத்திருந்ததால் அந்த வாசனை நேராக என் மூக்குக்கு வந்தது. ஈரச்சாக்கைத் தீயில் போட்ட மாதிரி, வெட்டிய நகத்தைக் கொளுத்தின மாதிரி ஒரு வாசனை.

“கிளச்சு கருகுது. அந்தத் தம்பி கைப்பிரேக்கப் போட்டுட்டு கால எடுத்தாத்தான் ஆவும்” என்றேன்.

பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஆச்சி, ஒங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?”

நியாயமான கேள்விதான். எனக்குக் கையெழுத்து என்றால் கட்டைவிரல். பஸ்ஸில் ஏறினால் போர்டைப் படிக்கத் தெரியாமல் நாலு பேரிடம் கேட்டு ஏறுகிறவள். ஸ்டீரிங்கை இதுவரை துடைத்திருக்கிறேனே தவிர பிடித்ததில்லை. ஆனால் கிளச்சைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். அதை எனக்குப் பொறாமை கற்றுக்கொடுத்தது. வேறு எதையும் எனக்கு அவ்வளவு நன்றாக யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுவேன் என்று பிடிவாதம். இருக்கட்டும். அழகாக ஏதாவது இருந்தால் அவள் சேர்த்தது. பொறாமை மட்டும் முழுக்க என்னுடையது.

எனக்கு ஒரே ஒரு தங்கை, செண்பகம். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் பிறந்ததிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல். ஒரே எண்ணெயைத் தேய்த்துக் குளித்தாலும் அவள் தலைமுடிதான் இடுப்புக்கு இறங்கும். ஒரே ஆற்றில், ஒரே கல்லில் துவைத்தாலும் அவள் துணிதான் வெளுக்கும். நான் வைத்த கத்தரிச்செடி இலையாக நிற்கும். அவள் எச்சில் துப்பின இடத்தில் தக்காளி காய்க்கும். இதில் கொடுமை என்னவென்றால், அவள் ரொம்ப நல்லவள். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டு ஆறிப்போயிருக்கும்.

சேரன்மகாதேவியில்தான் இரண்டு பேரும் வாக்கப்பட்டோம். என் வீட்டுக்காரரும் டாக்சி டிரைவர், அவள் வீட்டுக்காரர் வேலாயுதமும் டாக்சி டிரைவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருவரும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு பழைய அம்பாசடர் வாங்கினார்கள். இரண்டுக்கும் ஒரே மெக்கானிக் அண்ணாச்சி புது கிளச்சுப் பிளேட்டு போட்டுக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு வண்டிகளையும் ஆற்றின் ஆழமில்லாத துறையில் முன்சக்கரம் நனைய இறக்கிக் கழுவுவார்கள். நாங்கள் பக்கத்தில் துணி துவைப்போம். நான் என் வண்டியைப் பார்க்கமாட்டேன். அவள் வண்டியைத்தான் பார்ப்பேன், எங்காவது ஒரு கீறல் விழுந்திருக்கிறதா என்று.

ஒரு வருடம் முடிவதற்குள் எங்கள் வண்டிக்கு கிளச்சு போய்விட்டது. மறு வருடமும் போனது. வேலாயுதம் வண்டி மெக்கானிக் ஷெட் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

“அவிய வண்டிக்கு இன்னும் அந்த முதல் பிளேட்டுதான் ஓடுது யக்கா” என்பாள் செண்பகம். பெருமைக்குச் சொல்லமாட்டாள். புளி உடைத்துக்கொண்டே, ஏதோ மழை வந்ததைச் சொல்கிற மாதிரி சொல்வாள். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்காது.

என்ன செய்யவில்லை நான்? எலுமிச்சம்பழம் நசுக்கினேன். திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தேன். வண்டியைச் சுற்றி உப்பும் மிளகாயும் எடுத்து அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி வரவில்லை, பார்த்தீர்களா கண்ணேறுதான் என்று இவரிடம் சாதித்தேன். கடைசியில் மெக்கானிக் அண்ணாச்சியிடமே போய் நின்றேன். அவர் கழற்றி வைத்திருந்த பழைய பிளேட்டைக் கையில் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம். அதன்மேல் ஒட்டியிருக்கவேண்டிய பட்டை தேய்ந்து, ஆணி தெரிந்தது.

“ஒரு பிளேட்டு எத்தன வருசத்துக்கு வரும் அண்ணாச்சி?”

“அத என்ட்ட கேட்டா எப்படி தாயி? நல்ல கால் கெடச்சா நாலு வருசம் அஞ்சு வருசம் வரும். கெட்ட கால் கெடச்சா ஆறே மாசம். ஒங்க வீட்டுக்காரரு காலக் கேளுங்க.”

என் வீட்டுக்காரர் காலைப் பற்றி ஒரு மனிதர் அப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் காலுக்கு நான் செய்திருந்த சிங்காரம் கொஞ்சமா என்ன.

அதைச் சொல்லவில்லையே. எங்கள் பக்கத்து டிரைவர்கள் அப்போதெல்லாம் வண்டியில் செருப்போடு ஏறமாட்டார்கள். சோறு போடுகிற வண்டி, சாமி மாதிரி. செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து, ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சாவியைத் திருப்புவார்கள். வேலாயுதமும் அப்படித்தான், இவரும் அப்படித்தான். அந்த முதல் வருடத்தில் ஒரு நாள் ஸ்டாண்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வேலாயுதம் ஆறடி. இவர் என் தோளைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். பார்த்தேன். மனசு கேட்கவில்லை. மறுநாளே டவுனுக்குப் போய், பெரிய அதிகாரிகளின் டிரைவர்கள் போடுவது போல, கட்டிச்சோறு மாதிரி தடித்த அடிப்பாகம் உள்ள கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்தேன்.

“வண்டிக்குள்ள இதப் போட்டுக்கிட்டா? சாமி குத்தம்லா?” என்றார்.

“எறங்கும்போது ஒரு கும்பிடு போட்டுக்கிடுங்க.”

பாவம், நான் சொன்னால் தட்டமாட்டார். அன்றிலிருந்து பூட்ஸ் போட்டுத்தான் ஓட்டினார். இரண்டு விரல்கடை உயரம் கூடிவிட்டது. தெருவில் டக் டக் என்று அவர் நடந்து வருவதைக் கேட்டால் செண்பகம் வாசலுக்கு வந்து பார்ப்பாள். அவள் பார்ப்பதை நான் பார்ப்பேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் போதும்.

சரி, கிளச்சுக்கு வருகிறேன். மேலவீட்டம்மாள் என்று எங்கள் ஊரில் ஒரு பெரிய மனுஷி. மாதா மாதம் கார்த்திகை நட்சத்திரத்தன்று தன் வீட்டுப் பசுவின் பாலைச் செம்பில் எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் போய் உச்சிக்கால அபிஷேகத்துக்குக் கொடுக்கிற வழக்கம். வழக்கமாகக் கூட்டிப்போகும் டிரைவருக்குக் கண் மங்கிவிட்டது. புதிதாக ஒருவரை வைக்க வேண்டும். அந்த அம்மாளின் டிரைவர் என்றால் ஊரில் ஒரு தனி மரியாதை. கோயிலில் பிரசாதத் தட்டு முதலில் அம்மாள் கைக்கு, அடுத்தது டிரைவர் கைக்கு. அந்த இடம் இவருக்குக் கிடைக்கவேண்டும். அதைவிட முக்கியம், வேலாயுதத்துக்குக் கிடைக்கக்கூடாது.

“ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு மாசம் கூட்டிட்டுப் போங்க. பாலு திரியாம, நேரத்துக்குப் போய்ச் சேரணும். பாத்துட்டுச் சொல்லுதேன்” என்று சொல்லிவிட்டார் அம்மாள்.

தை மாதம் வேலாயுதம் கூட்டிப்போனார். போனதும் தெரியவில்லை வந்ததும் தெரியவில்லை என்று அம்மாள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மாசி மாதம் எங்கள் முறை. அதற்குள் வேலாயுதத்தின் ரகசியத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று எனக்கு வெறி.

சாத்தான்குளத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து வந்தது. இவருக்கு வேறு சவாரி இருந்ததால் வேலாயுதம் வண்டியில்தான் எல்லாரும் போனோம். எப்போதும் பெண்கள் பின்சீட்டுதான். நான் “பின்னால உக்காந்தா குமட்டுது” என்று பொய் சொல்லி முன்சீட்டில், அவருக்கும் ஒரு மாமாவுக்கும் நடுவில், இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்து, வழியெல்லாம் குனிந்து வேலாயுதத்தின் இடதுகாலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அது காலா? பூனை மாதிரி ஓரமாகத் தரையில் படுத்துக் கிடந்தது. கியர் மாற்றும்போது மட்டும் எழுந்து வந்து மிதிக்கும், மறுபடி ஓரத்துக்குப் போய்விடும். ரயில்வே கேட் மூடியிருந்தால் உடனே கியரை எடுத்துவிடுவார். கால் அப்போதும் தரையில்தான். கேட்டுக்குப் போகிற மேட்டில் வண்டியைக் கிளச்சில் தொங்கவிடாமல் கைப்பிரேக்கை இழுத்தார். முன்னால் பனங்கிழங்கு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நகர்ந்தும் நகராமலும் போனது. என் வீட்டுக்காரராக இருந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தே போவார். வேலாயுதம் சும்மா நின்றார். இடைவெளி நிறைய விட்டு, அப்புறம் முதல் கியரில் பைய எடுத்தார்.

“என்ன மதினி, காலுல எதும் சகதி கெடக்கா?” என்றார் கூச்சத்தோடு.

“இல்ல இல்ல, நீங்க ஓட்டுங்க.”

பின்சீட்டிலிருந்து செண்பகம் குரல் வந்தது. “யக்கா, குமட்டுதுன்னா தலைய நிமுத்தி வெளிய பாரு. அங்கன குனிஞ்சு என்னத்தத் தேடுத?”

மாமா இருமினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அன்றைக்குப் பாடம் முழுசாகப் படித்துவிட்டேன்.

மாசிக் கார்த்திகையும் வந்தது. பால் செம்பை மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அம்மாள் பின்சீட்டில். நான் ஏற்கெனவே இவருக்குக் காலையிலேயே எல்லாம் ஒப்பித்திருந்தேன்: கேட்டில் கியரை எடுங்கள், மேட்டில் கைப்பிரேக், கால் தரையில். தலையை ஆட்டினார். பாளையங்கோட்டை தாண்டியதும் சும்மா ஒரு பார்வை குனிந்து பார்த்தேன். கட்டிச்சோற்று பூட்ஸ் கிளச்சு மிதியின்மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“கால எடுங்க” என்று மெதுவாகச் சொன்னேன்.

“எடுத்துட்டம்லா” என்றார்.

“மிதியிலதான இருக்கு.”

“எங்க இருக்கு? நான் மிதிக்கவே இல்ல.”

பொய் சொல்லவில்லை அந்த மனிதர். அவருக்குத் தெரியவில்லை. அந்த அடிப்பாகத்தின் கனத்துக்குக் கீழே மிதி இருப்பதும் தரை இருப்பதும் ஒன்றுதான். எடுத்து வைப்பார், கொஞ்ச நேரத்தில் தானாக அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். மிதி லேசாக அழுந்திக்கொண்டே இருந்தால் போதும், உள்ளே பிளேட்டு உரசித் தேயும். இரண்டு வருடமாக இந்த பூட்ஸ்தான் அந்தப் பிளேட்டை ராவித் தின்றிருக்கிறது. மெக்கானிக் அண்ணாச்சி சொன்ன கெட்ட கால், டவுன் கடையில் நானே பேரம் பேசி வாங்கிய கால்.

அப்போதே “பூட்ஸக் கழத்துங்க” என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. வாயில் வரவில்லை. பின்னால் மேலவீட்டம்மாள் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்பார். இவர் வெகுளி, “இவதான் வாங்கித் தந்தா, வேலாயுதத்தவிட ஒசரமாத் தெரியணுமாம்” என்று சொல்லியே விடுவார். கழற்றினால் கோயில் வாசலில் வெறுங்காலோடு குட்டையாக நிற்பார். இந்த ஒரு தடவை தாங்கிவிடும், முருகா, வீட்டுக்குப் போய்க் கழற்றிக்கொள்ளலாம் என்று செம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்ரீவைகுண்டம் தாண்டி பாதயாத்திரைக் கூட்டம். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, காவடி, ஒலிபெருக்கி கட்டிய சைக்கிள். எங்கள் ஆட்கள் முருகனுக்கு நடக்கிறவர்கள் பின்னால் ஆரன் அடிக்கமாட்டார்கள், பாவம் என்று. நின்றாலும் அவர்களை நெருக்குவது போல ஆகும் என்று இவர் மிதியைப் பாதி அமுக்கி, அரைக்கிளச்சில், ஆமை மாதிரி ஊர்ந்தார். ஆழ்வார்திருநகரி போவதற்குள் அந்த வாசனை வந்துவிட்டது. அப்புறம் இன்ஜின் மட்டும் கத்தியது. வண்டி போகவில்லை.

ஒரு வேப்பமரத்து நிழலில் தள்ளி நிறுத்தினோம். அம்மாள் இறங்கி நின்று வெயிலைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. செம்பின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார். கிளச்சு ஆறட்டும் என்று இவர் பானட்டைத் திறந்துவைத்து, வேர்த்து விறுவிறுத்து, தோள்துண்டால் விசிறினார். துண்டால் விசிறினால் கிளச்சு ஆறுமா? நானும் சும்மா நிற்கமுடியாமல் முந்தானையால் விசிறினேன்.

கார்த்திகை அன்று எங்கள் ஊர் டாக்சி பாதி அந்த ரோட்டில்தான் ஓடும். அதில் யார் வந்து நிற்கவேண்டும்? வேலாயுதம்தான். பின்சீட்டு நிறைய சவாரி. முன்சீட்டில் செண்பகம், நேர்த்திக்கடன் என்று தலையில் பூவோடு.

“என்ன சகல, கிளச்சா?” என்று இறங்கினார். இவர் காலைப் பார்த்தார். என்னையும் ஒருதரம் பார்த்தார். பிறகு இவரிடம் மட்டும் கேட்கிற மாதிரி, “பூட்ஸக் கழத்திட்டு ஓட்டுங்கன்னு அப்பமே சொல்லிவிட்டம்லா. போன ஆடியிலயே செண்பகத்துட்ட சொல்லிவிட்டேனே” என்றார்.

நான் செண்பகத்தைப் பார்த்தேன். அவள் பூவைச் சரிசெய்தாள்.

அவள் கீழே இறங்கிக்கொள்ள, முன்சீட்டில் மேலவீட்டம்மாள் ஏறினார். செம்பை நான்தான் என் கையால் எடுத்துக் கொடுத்தேன். வண்டி போய்விட்டது. வேப்பமரத்தடியில் நாங்கள் மூன்று பேர். இவர் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, தெரிஞ்சிருந்தும் என்ட்ட ஏன் சொல்லல?”

“சொல்லணும்னுதான் வந்தேன் யக்கா. அன்னைக்குப் பாத்து அத்தான் தெருவுல டக்கு டக்குன்னு வந்தாவ. நீ என்னையப் பாத்துக்கிட்டு நின்ன. எங்க வீட்டு அவியளையும் பூட்ஸு போடச் சொல்லி ஆறு மாசமா காலுல விழுதேன், மாட்டேன்னுட்டாவ.” இவர் அவிழ்த்துக்கொண்டிருந்த பூட்ஸைக் கையால் காட்டினாள். “பூட்ஸும் ஒனக்கு, கிளச்சும் ஒனக்குன்னா எப்படி யக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அத்தனை வருடமும் வயிறெரிந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேனே, அடி கள்ளி. அந்த வெயிலில், மேலவீட்டுச் சவாரி கைவிட்டுப் போன அந்த நேரத்தில், என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. இவருக்கு ஒன்றும் புரியவில்லை. “ரெண்டு பேரும் எதுக்கு சிரிக்கிய? வண்டியத் தள்ள வாங்க” என்றார்.

மேலவீட்டுச் சவாரி வேலாயுதத்துக்கே நிலைத்தது. கார்த்திகைக்குக் கார்த்திகை அவர்கள் வண்டி எங்கள் வாசலைத் தாண்டும். நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவேன், கழுவின பாத்திரத்தையே. சிரித்ததால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னது? இவர் வெறுங்காலுக்குத் திரும்பினார். புதுப் பிளேட்டு போட்டோம். அது வருடக்கணக்காக ஓடியது. நாங்கள் அந்த வண்டியை விற்கும்போதும் அதே பிளேட்டுதான். இடையில் ஒரு நாள் வேலாயுதம் வண்டிக்கு முதன்முதலாக கிளச்சு போனது. அன்றைக்கு நான் வீட்டில் பாயசம் வைத்தேன். செண்பகம் வந்து, விசேஷம் என்ன என்று கேட்காமல், இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, “இனிப்பு கொஞ்சம் தூக்கல் யக்கா” என்றாள்.

இப்போது அந்த டாக்சி ஸ்டாண்டு இருந்த இடத்தில் செல்போன் கடைகள். ஆற்றில் இறங்கி யாரும் வண்டி கழுவுவதில்லை. கழுவவும் விடமாட்டார்களாம், அது நல்லதுதான். மேலவீட்டில் ஆளில்லை, பூட்டிக் கிடக்கிறது. பேத்தி அடுத்ததாக வாங்கப்போகிற காரில் கிளச்சே கிடையாது என்கிறாள். மிதி இரண்டுதானாம், இடதுகாலுக்கு வேலையே இல்லையாம்.

இவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. செண்பகம் போய் மூன்று வருடம். வேலாயுதம் இருக்கும்போதே, பூவும் பொட்டுமாகப் போனாள். எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவளுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, கூறைச்சேலை கட்டி, நெற்றியில் ரூபாய் அளவு குங்குமம் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். வெள்ளைச் சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த முடி அப்போதும் எவ்வளவு. காதோரம் குனிந்து, “ஏட்டி, இதுலயும் நீதானா” என்றேன். அழுகையில் உளறுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

போன மாதம் எங்கள் எதிர்வீட்டில் புதுக் கார் வாங்கினார்கள். பெரிய கார், மாலையெல்லாம் போட்டிருந்தது. கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்து காட்டினார்கள், சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வந்து, சோற்றைப் போட்டுத் தின்றேன். முழுசாக இறங்கியது, வயிறு எரியவே இல்லை. அதன்பிறகுதான் எனக்குப் பொறுக்கமுடியாமல் அழுகை வந்தது.